தாரிங்காவும் சாப்பிடாத நாயும்

தாரிங்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். தபால்காரர் சொல்வார். பாதிரியாரின் மனைவி சொல்வாள். படகுத்துறையில் மீன் விற்கிறவன் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வான். என்னைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நேரமாகும். நாற்பத்திரண்டு வருடமாக அவளைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். ஒருத்தியை அத்தனை உன்னிப்பாகப் பார்ப்பதற்கு வெறும் பிரியம் போதாது.

அவள் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். ஆற்றை ஒட்டிய கீழ்த்தெருவில் அவள் வீடு. முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலைக்கு மேல் கவிழ்க்கிற டிரையர் இரண்டு. அதில் ஒன்று நான் பார்க்க என்றைக்கும் வேலை செய்ததில்லை. ஆள் ஒன்றும் அழகி இல்லை. மூக்கு பெரிது, கை ஆண்பிள்ளைக் கை. பள்ளிக்கூடத்தில் அழகி நான்தான், அதை அவளே சொல்வாள். ஆனால் ஒரு அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் நுழைந்தால் நாற்காலிகள் எல்லாம் எப்படியோ அவள் பக்கம் திரும்பிவிடும். பூனைகளும் அப்படித்தான். செடிகளும் அப்படித்தான். நான் ஒடித்துக் கொடுத்த ஜெரேனியக் குச்சி அவள் ஜன்னலில் பூத்துக் குலுங்கும். தாய்ச்செடி என் ஜன்னலில் காய்ந்துகொண்டிருக்கும்.

அவள் புருஷன் படகு மெக்கானிக். ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியோடு இருந்துவிட்டான். தாரிங்கா அவனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அப்பாவுக்குக் கை கால் விழுந்தபோது ஒன்பது வருடம் குளிப்பாட்டி விட்டாள். ஊர் உச்சுக்கொட்டியது, புகழ்ந்தது. என் புருஷன் என்னோடுதான் இருந்தார், என் அப்பா நடமாடிக்கொண்டிருக்கும்போதே நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். அதற்கெல்லாம் யார் என்னைப் புகழப் போகிறார்கள்?

இதில் பெரிய சங்கடம், அவள் எனக்குக் கூமா. என் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவள். என் மகன் மிலென்கோவை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கியவள். எங்கள் ஊரில் கூடப் பிறந்தவளோடு முடியைப் பிடித்துச் சண்டை போடலாம், கூமாவோடு முகம் கோணக்கூடாது. அதனால் நாற்பத்திரண்டு வருடமும் சிரித்துக்கொண்டே வயிறெரிந்தேன். அது லேசுப்பட்ட வேலை இல்லை.

தொடங்கியது என் கல்யாணத்தன்றுதான். வாசலில் கூடையோடு நின்று, வருகிறவர்கள் சட்டையில் எல்லாம் எங்கள் வழக்கப்படி ரோஸ்மேரிச் செடியின் கொத்து குத்திவிட்டுக்கொண்டிருந்தாள் தாரிங்கா. என் மாப்பிள்ளை ஸ்வெதோசாரின் முறை வந்தபோது குண்டூசி வழுக்கி அவர் மார்பில் குத்திவிட்டது. அவர் "ஆ" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் மறுபடி குத்தினாள். மொத்தம் அரை நிமிஷம் இருக்கும். போட்டோக்காரன் பாழாய்ப்போனவன் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தான். படத்தில் ஸ்வெதோசார் குனிந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதற்கு மேல் அவர்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. துருவித் துருவிப் பார்த்துவிட்டேன், ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த அரை நிமிஷம் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

இனி நாய்க்கு வருகிறேன். காரொவ் என்று பெயர். கரிய முதுகு, கன்றுக்குட்டி உயரம், நாற்பத்தைந்து கிலோ. அவனுக்கு முன்னால் எங்களிடம் இருந்த நாயை, படகு எஞ்சினைத் திருட வந்தவர்கள் விஷம் வைத்த சாசேஜைச் சுவருக்கு மேலாக வீசிக் கொன்றுவிட்டார்கள். அந்தக் கோபத்தில் ஸ்வெதோசார் காரொவைக் குட்டியிலிருந்தே பழக்கினார். எதிரில் என்ன வைத்தாலும், யார் வைத்தாலும், குறிப்பிட்ட ஒரு சொல்லைச் சொன்னால்தான் வாய் வைப்பான். எச்சில் ஒழுக உட்கார்ந்திருப்பான், தொடமாட்டான். "சாப்பிடு", "எடுத்துக்கோ" எல்லாம் எந்தத் திருடனும் சொல்லிவிடுவானாம். அதனால் யாருக்கும் தோன்றாத ஒரு சொல்லாக இருக்க வேண்டும் என்று அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

ரோஸ்மேரி.

"அது ஏன் அந்தச் சொல்லு?" என்று கேட்டேன்.

"ஜன்னல்ல இருந்துச்சு, வெச்சேன்," என்றார்.

ஜன்னலில் ரோஸ்மேரித் தொட்டி இருந்தது உண்மைதான். பக்கத்திலேயே வெங்காயத்தாள் தொட்டியும் இருந்தது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் தினமும் இரண்டு வேளை அந்தச் சொல்லைச் சொல்லித்தான் நாய்க்குச் சோறு வைத்தேன், தினமும் இரண்டு வேளை அந்தக் குண்டூசி என்னையும் ஒரு குத்து குத்தியது.

அந்தச் சொல் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். மிலென்கோ நோவி சாத் நகரத்துக்கு வேலைக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஸ்வெதோசார் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் தவறிப்போனார். அப்புறம் என் இடுப்பு எலும்பு தேய்ந்தது. தோட்டத்து வீட்டை என்னால் கட்டி ஆள முடியாமல் விற்றுவிட்டு, சந்தைக்குப் பக்கத்தில் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்கு வந்தேன். லிஃப்ட் கிடையாது. நாய் கூடாது என்று குடியிருப்போர் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்தார்கள். முதலில் கையைத் தூக்கியவர் சங்கத் தலைவர் பெட்ரோனியெ. ரயில்வேயில் இருந்தவர், சட்டம் என்றால் உயிரை விடுவார்.

"எங்கிட்ட விடு, கூமா," என்றாள் தாரிங்கா. "ஆத்தங்கரை இருக்கு, வாசல் இருக்கு, நான் இருக்கேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வந்து பாத்துக்கோ."

வேறு யாரிடம் விடுவது?

நாய் வைத்தியர் கோர்னெல் வந்து, புது வீட்டுக்கு நாயைப் பழக்குவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். படுக்கிற கம்பளியை அப்படியே கொண்டு போகணும், துவைக்கக் கூடாது. அதே கிண்ணம், அதே நேரம். முதல் வாரம் வீட்டில் கூட்டம் சேர்க்கக் கூடாது. தெரு முனைவரை நடத்திக் கூட்டி வந்து, கதவு எங்கே என்று அவனே கண்டுபிடிக்க விடணும். தாரிங்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள்.

நான் கம்பளியைக் கொடுத்தேன். கிண்ணத்தைக் கொடுத்தேன். கழுத்துப்பட்டை, கயிறு எல்லாம் கொடுத்தேன். சொல் நாக்கு நுனியில் இருந்தது. அப்போது அவள் முட்டி போட்டு உட்கார்ந்து அவன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள். முப்பது வருடம் பெண்களின் தலையைப் பிடித்துவிட்ட விரல்கள். காரொவ் கண்ணை மூடி, தலையை அவள் மடியில் சாய்த்துவிட்டான். என் மடியில் அவன் அப்படிச் சாய்ந்ததே இல்லை.

சொல்லை நான் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். மறக்கவில்லை.

இரண்டாவது நாளே ஃபோன் வந்தது.

"சாப்பிட மாட்டேங்குறான், கூமா. கோழி சூப்பு வெச்சேன், எலும்பு வெச்சேன். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். ஜொள்ளு தரையெல்லாம் வழியுது, ஆனா தொட மாட்டேங்குறான்."

"புது எடம்ல. அப்படித்தான் இருக்கும்," என்றேன். "கம்பளிய போட்டியா?"

"போட்டேன். பாவம், ஒரே புழுதியா இருந்துச்சேன்னு லாவண்டர் ஊத்தி ஒரு அலசு அலசிப் போட்டேன்."

"ஐயோ, கூமா!" என்றேன். உள்ளுக்குள் கை தட்டினேன்.

மூன்றாவது நாள் போனேன். முன்னறையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காரொவ் எழுந்து வந்து என் மேல் முன்காலைப் போட்டான். தாரிங்கா காப்பி போட அடுப்படிக்குப் போன நேரம், முத்தம் கொடுக்கிற மாதிரி குனிந்து அவன் காதில் சொன்னேன். ஓடினான். கிண்ணம் சுவர்வரை நகர்ந்து இடிக்கிற அளவுக்குத் தின்றான்.

தாரிங்கா காப்பித் தட்டோடு வந்து நின்றவள் அழுதேவிட்டாள். "உன்னைக் கண்டதும் சாப்பிடுறான் பாரு! அடி என் ராசாத்தி, உனக்காகத்தான் பட்டினி கெடந்திருக்கான்!"

டிரையருக்கு அடியில் இருந்தவள் தலையை வெளியே நீட்டி, "நாய்க்கு இருக்கற விசுவாசம் நம்ம பிள்ளைங்களுக்கு ஏது," என்றாள். இன்னொருத்தி எழுந்து எனக்கு நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். அந்த வீட்டு முன்னறையில் எல்லாரும் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு இனித்தது என்று சொன்னால் வெட்கக்கேடு.

அதன்பின் ஒன்று விட்டு ஒரு நாள் போனேன். நான் போகிற அன்று தின்பான், போகாத அன்று பட்டினி. தாரிங்கா என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவன் அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டான். அதுதான் என்னைத் தின்றது. முதல் நாட்களில் டிரையர் சத்தத்துக்கு ஊளையிட்டான். அவள் டிரையரையே நிறுத்திவிட்டாள். ஊர்ப் பெண்கள் எல்லாம் ஈரத் தலையோடு வீட்டுக்குப் போனார்கள், ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. அப்புறம் தினம் ஒரு நிமிஷம் போட்டாள், அடுத்த நாள் இரண்டு நிமிஷம். இரண்டு வாரத்தில் அவன் டிரையர் ஓட ஓடக் குறட்டை விட்டான். கதவு மணி அடித்தால் குரைக்காமல் போய் வந்தவர்களின் செருப்பை முகர்ந்துவிட்டு வந்து படுத்தான். காலையும் மாலையும் அவளோடு ஆற்றங்கரைக்குப் போனான். ஸ்வெதோசாரைத் தவிர யாரோடும் கயிறு இழுக்காமல் நடந்ததில்லை அவன், என்னை ஒருமுறை முள்வேலிக்குள் இழுத்துக்கொண்டு போனவன். அவளோடு கயிறு தொங்கத் தொங்க நடந்தான். அவள் முடி வெட்டும்போது அவள் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்கினான். அவள் காலை அசைக்காமல் நின்றே வெட்டினாள்.

ரோஸ்மேரிக் கொத்து குத்தியவளுக்கு நாயுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் அவள் கேட்டாள். "நான் ஏதாச்சும் தப்பு பண்றனா, கூமா? கம்பளிய அலசினதத் தவிர கோர்னெல் சொன்ன எல்லாம் செஞ்சாச்சு. எங்கிட்ட வாலாட்டுறான், பக்கத்துலயே படுக்கறான். என் கையால மட்டும் ஒரு வாய் வாங்க மாட்டேங்குறான்."

அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னேன். புதிதாக வந்த நாய் வீட்டோடு ஒட்ட வேண்டுமென்றால் ஒரு துண்டு ரொட்டியை அக்குளில் வைத்துக்கொண்டிருந்து, வியர்வை ஊறியபின் அதைத் தின்னக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆட்டுக்காரர்கள் இன்றும் செய்கிறார்கள். அரை நாள் வைத்தால் போதும்.

"மூணு நாள் வைக்கணும்," என்றேன். "எடுக்கவே கூடாது."

ஆகஸ்ட் மாதம். தன்யூப் ஆற்றங்கரைக் கொசுவும் புழுக்கமும். தாரிங்கா இடது அக்குளில் ரொட்டித் துண்டை வைத்து, சட்டைக்குள் ஒரு துணியால் இறுகக் கட்டிக்கொண்டாள். கையைத் தூக்கினால் ரொட்டி நழுவும். அதனால் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் முடி வெட்டினாள். சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். முதல் நாள் வந்தவளுக்கு ஒரு காது தெரிந்தது, ஒரு காது தெரியவில்லை. இரண்டாம் நாள் பாதிரியாரின் மனைவி வந்தாள்.

"தாரிங்கா, எனக்குத் தலை சாஞ்சிருக்கா, முடி சாஞ்சிருக்கா?" என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

"நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சு உக்காந்தா சரியாயிடும்."

"கோயில்ல ரெண்டு மணி நேரம் இப்படியே சாஞ்சு நிக்கச் சொல்றியா? ஆமா, என்ன இது, புளிச்ச மாவு வாடை?"

தாரிங்கா உள்ளதைச் சொன்னாள். வேறு எவளாவது சொல்லியிருந்தால் பாதிரியாரின் மனைவி சீறியிருப்பாள். இவளிடம் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "கடவுள் துணையிருக்கட்டும், அந்த ரொட்டிய நல்லா அமுக்கிப் பிடி," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் கோணல் முடியைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. நாய்க்காக ஆனது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் மாலை ரொட்டி வெளியே வந்தது. ஏழெட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். தாரிங்கா தரையில் உட்கார்ந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். காரொவ் முகர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவன் உடம்பெல்லாம் நடுங்கியது. எச்சில் அவள் கையில் சொட்டியது. வாயைத் திறக்கவில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

"அவன் விதோசவாவோட நாய்தான்பா," என்றாள் ஒருத்தி என்னைக் காட்டி. "யாரால மாத்த முடியும்?"

நான் காப்பியை ஒரு வாய் குடித்தேன். அவ்வளவு ருசியான காப்பி அந்த வீட்டில் நான் குடித்ததே இல்லை.

"மனசார வைக்கணும், கூமா," என்றேன். "நாய்க்கெல்லாம் தெரியும்."

தாரிங்கா அந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் மிலென்கோ வந்து என்னை நோவி சாதுக்குக் கூட்டிப் போனான். இடுப்பை டாக்டரிடம் காட்ட இரண்டு நாள் என்று சொன்னான். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைக் கைகாட்ட, இரண்டு நாள் ஆறு நாளானது. தாரிங்கா தினமும் ஃபோன் செய்தாள். முதல் நாள், "சாப்பிடல." மூன்றாம் நாள், "எலும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு." நாலாம் நாள், "தண்ணி மட்டும் குடிக்கறான். எழுந்திரிக்க மாட்டேங்குறான், கூமா."

ஒரு சொல். ஃபோனில் சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் இப்போது சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாளே. நேற்றே சொல்லியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு கஷ்டமில்லை, இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு இருக்கிற அளவு கஷ்டமில்லை. இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தேன். இன்னொன்றும் உண்டு, மறைக்கவில்லை. நான் ஊருக்குத் திரும்பி அந்த வாசலில் காலை வைத்ததும் அவன் எழுந்து தின்பதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

ஆறாம் நாள் கோர்னெல்லே கூப்பிட்டார்.

"விதோசவா அக்கா, அவனுக்கு ட்ரிப்ஸ் ஏத்தியிருக்கேன். கிட்னி தாங்குமான்னு தெரியல. இருவது வருஷமா நாய் பாக்கறேன், ஏக்கத்துல இருக்கற நாய் சோத்துக்கு முகத்தைத் திருப்பிக்கும். இவன் கிண்ணத்தையே பாத்துட்டு இருக்கான். எதுக்கோ காத்திருக்கான் போலிருக்கு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன்.

அதைச் சொல்லிவிட்டு மிலென்கோவின் அடுக்களையில் உட்கார்ந்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினேன். நேராகக் கீழ்த்தெருவுக்குப் போய், யாரும் பார்க்காதபோது அவன் காதில் சொல்லிவிடுவது, அவ்வளவுதான் திட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு ஏறினேன். மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கும்போது கீழே ஒரே சத்தம்.

எட்டிப் பார்த்தேன். தாரிங்கா ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைக் கட்டட வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் கம்பளி, கம்பளிக்குள் காரொவ். கீழ்த்தெருவிலிருந்து படகுத்துறை வழியாக, சந்தைக்கு நடுவில், அத்தனை பேர் பார்க்கத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் பஸ்ஸில் வருகிறேன் என்று மிலென்கோ அவளிடம் சொல்லியிருக்கிறான்.

பெட்ரோனியெ வெளியே வந்தார். நாயைத் துரத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கம்பளியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், தாரிங்கா மறு பக்கம். மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து, என் கூடத்தில் அவனை இறக்கினார்கள்.

"சட்டப்படி இது..." என்று ஆரம்பித்த பெட்ரோனியெ நாயைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நான் கீழ இருக்கேன்," என்று போய்விட்டார்.

நான் விட்டுப்போன நாய் இல்லை அது. முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முன்காலில் ஊசி போட முடியை வழித்திருந்தார்கள். என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை தரையில் தட்டினான்.

"இந்தா, கூமா. உன் நாய்," என்றாள் தாரிங்கா. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "என்னால ஆகல. அவன் மனசுல நீதான். நான் பிடிச்சு வெச்சிருந்தா செத்துருவான்."

"இங்க நாய் வைக்க..."

"அதெல்லாம் பேசிட்டேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பதினெட்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு அவள்தான் முடி வெட்டுகிறாள். முதல் கையெழுத்து பெட்ரோனியெவுடையது. "உன் இடுப்ப வெச்சிட்டு மாடி ஏறி எறங்க முடியாதுல்ல. காலைலயும் சாயந்திரமும் நான் வந்து அவன வெளிய கூட்டிப் போறேன். நீ சோறு மட்டும் போடு. உங்கிட்டதான் சாப்பிடுவான்."

நான் ஜெயித்துவிட்டேன். நாய் என்னுடையது. கட்டடமே கையெழுத்துப் போட்டுவிட்டது. நடக்க அவள் கால், சோறு போட என் கை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நான் சாகிறவரை யாருக்கும் தெரியாது. குனிந்து அவன் காதில் மெல்லச் சொல்ல வேண்டியதுதான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் காகிதத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. தோற்கும்போதுகூட இவள் என்னைவிட நன்றாகத் தோற்கிறாளே! இதை வாங்கிக்கொண்டால், சாகிறவரை தினமும் இரண்டு வேளை இவள் என் வாசலில் வந்து நிற்பாள், இவள் கருணையில் நான் நாய் வளர்க்க வேண்டும். அதைவிட வேறு எதுவானாலும் மேல் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

கோர்னெல் கொடுத்தனுப்பிய கஞ்சியை, அவள் கொண்டு வந்திருந்த அவன் கிண்ணத்தில் ஊற்றி அவன் முன்னால் வைத்தேன்.

"சொல்லு," என்றேன் அவளிடம்.

"என்ன சொல்லணும்?"

"ரோஸ்மேரி-ன்னு சொல்லு."

"ரோஸ்மேரியா?" என்றாள் ஒன்றும் புரியாமல்.

காரொவின் காது நிமிர்ந்தது. அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அவன் கண்ணப் பாத்து இன்னொரு தடவ சொல்லு."

"ரோஸ்மேரி," என்றாள்.

நாக்குச் சத்தம் கேட்டது. எழுந்திருக்கக்கூட முடியாமல், படுத்தபடியே கிண்ணத்தை இழுத்து இழுத்து நக்கினான். தாரிங்கா ஒரு சின்னப் பெண் மாதிரி கத்தினாள், சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"எப்பவுமே தெரியும். அவர் பழக்குனது."

"நான் சூப்பு வெச்சேன்னு ஃபோன் பண்ணினப்ப?"

"தெரியும்."

"நேத்து கோர்னெல் கேட்டப்ப?"

"தெரியும்."

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். நாற்பத்திரண்டு வருடமாகச் சேர்த்து வைத்த பதில் என்னிடம் இருந்தது. அவள் கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"அவர் ஏன் அந்தச் சொல்ல வெச்சார்னு உனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துல ரோஸ்மேரிய நீதானே அவருக்குக் குத்திவிட்ட. குண்டூசி பட்டுச்சே. ரெண்டு பேரும் சிரிச்சீங்களே."

தாரிங்கா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நடிக்கத் தெரியாதவள், நிஜமாகவே யோசித்தாள்.

"நானா குத்தினேன்? உன் சித்தி பொண்ணு குத்தினான்னுல்ல நெனச்சேன்."

நான் இத்தனை வருடம் சுமந்ததை அவள் ஒரு நாள்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மூணு நாள்," என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "ஆகஸ்ட் மாசம். அந்த ரொட்டியக் கட்டிக்கிட்டு நான் நிக்கறேன், நீ எதுத்தாப்புல உக்காந்து காப்பி குடிக்கற. மனசார வைக்கணும்னு எனக்குப் புத்தி சொல்ற. போகட்டும். நான் கோமாளியானா ஒண்ணும் கொறஞ்சு போகல. ஆனா இவன்? ஊசி போடறப்ப என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தான்டி. என்ன தப்பு பண்ணினேன்னு தெரியாமலே இவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். முட்டி போட்டுக் கேட்டேன்."



அவள் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவசரப்படுத்தவில்லை. அவன் கிண்ணத்தைத் துடைத்து வைத்த மாதிரி நக்கி முடிக்கும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, மேசை மேலிருந்த காகிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கம்பளியைத் தோளில் போட்டாள். கிண்ணத்தை எடுத்தாள். என்னைப் பார்க்காமல் கதவைத் திறந்து படி இறங்கினாள்.

காரொவ் முன்காலை ஊன்றினான், சரிந்தான், மறுபடி ஊன்றி எழுந்தான். வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தான். அவன் தலை என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இரு என்று சொல்ல எனக்கு முகம் இல்லை.

கீழிருந்து தாரிங்கா கூப்பிட்டாள். நாற்பத்திரண்டு வருடத்தில் நான் கேட்டே இராத கடுமையான குரல். நாயை மட்டும்தான் கூப்பிட்டாள்.